பூட்டிய கதவுக்கு உள்ளே

(கும்மிடிப்பூண்டியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)



சந்தா, உள்கடன் கணக்கெல்லாம் பார்த்தாச்சு. இப்போ ஒரு விமானக் கதை சொல்லப் போறோம். "நமக்கும் விமானத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"னு பின்னாடி ஒரு அக்கா கேட்கிறாங்க. சம்பந்தம் இருக்கு, கடைசி வரைக்கும் கேளுங்க.

1986 செப்டம்பர் 5. மும்பையில இருந்து அமெரிக்கா போற பான் ஆம் விமானம் விடிகாலையில கராச்சியில நின்னுது. சுமார் 380 பேர் உள்ளே. பாதுகாப்புக் காவலர் மாதிரி உடை போட்ட நாலு பேர் துப்பாக்கி, கையெறி குண்டோட ஏறிட்டாங்க. தலைமைப் பணிப்பெண் நீரஜா பானோட். வயசு 22. கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே வரதட்சணைத் தொல்லை தாங்காம பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, இந்த வேலையில சேர்ந்த பொண்ணு.

அந்த நேரத்துல கூட்டம் போட்டுத் தீர்மான நோட்டுல எழுத முடியுமா? முடியாது. ஆனாலும் அந்தப் பணியாளர்கள் மூணு முடிவு எடுத்தாங்க.

முதல் முடிவு, தகவல். துப்பாக்கியைப் பார்த்ததுமே ரகசியச் சொல்லால விமானி அறைக்குச் சொல்லிட்டாங்க. விமானிகள் மேல இருந்த அவசர வழியா இறங்கிப் போயிட்டாங்க. விட்டுட்டு ஓடிட்டாங்களேன்னு நமக்குத் தோணும். ஆனா ஓட்ட ஆள் இல்லாத விமானத்தைக் கடத்த முடியுமா? அது அங்கேயே நின்னுபோச்சு.

இரண்டாவது, பாஸ்போர்ட். அமெரிக்கர்கள் யாருன்னு கண்டுபிடிக்க, எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. பணிப்பெண்கள் எதிர்த்துப் பேசல. வாங்கினாங்க. அமெரிக்க பாஸ்போர்ட்டை மட்டும் சீட்டுக்கு அடியிலயும் குப்பை போடுற இடத்துலயும் மறைச்சுட்டாங்க.

மூணாவது, யாரையும் தனியா விடாதது. சுமார் 17 மணி நேரம் தண்ணி கொடுத்து, குழந்தைகளைச் சமாதானப்படுத்தினாங்க. ராத்திரி விளக்கு அணைஞ்சதும் கண்மூடித்தனமா சுட ஆரம்பிச்சாங்க. கதவு திறந்தது. நீரஜா முதல்ல குதிச்சிருக்கலாம். பயணிகளை வெளியே அனுப்புறதுலயே நின்னாங்க, குண்டு பட்டு இறந்தாங்க. 23-வது பிறந்த நாளுக்கு ரெண்டு நாள்தான் பாக்கி. சுமார் இருபது பேர் இறந்தாங்க, மத்தவங்க உயிர் தப்பினாங்க. அசோக சக்ரா விருது பெற்ற முதல் பெண் நீரஜா. கூட வேலை செஞ்சவங்கள்ல சிலர் 2016-ல வெளியே வந்து பேசினப்போதான், அது எல்லாரும் சேர்ந்து செஞ்ச வேலைன்னு பலருக்குத் தெரிஞ்சுது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

போன வருஷம் நம்ம உறுப்பினர் ஒருத்தர் வீட்டு வாசல்ல, வசூலுக்கு வந்த ரெண்டு பேர் சாயங்காலத்துல இருந்து ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. வீட்டுக்காரர் சிப்காட்ல ரெண்டாவது ஷிப்ட். அந்தப் பொண்ணு குழந்தையோட உள்ளே. அடுப்புக்கூடப் பத்த வைக்கல. பக்கத்து வீடுகள்ல நம்ம குழு ஆளுங்களே அஞ்சு பேர். போனா நம்மளையும் கட்டச் சொல்லுவாங்கன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க. மூணு நாள் கழிச்சுத்தான் நமக்கே தெரியும். தெரிஞ்சும் நாம போய் என்ன செஞ்சோம்? ஆறுதல் சொல்லிட்டு வந்தோம். அது நம்ம தப்பு. இந்த மேடையில ஒத்துக்கிறோம்.

பிணைக்கைதின்னா என்ன? ஒருத்தரைப் பிடிச்சு வச்சு இன்னொருத்தர்கிட்ட காரியம் சாதிக்கிறது. அன்னைக்கு அந்த வாசல்ல நடந்தது அதுதானே?

கடன் வாங்கினா கட்டணும், அதுல மாற்றமில்லை. ஆனா வசூலுக்கும் விதி இருக்கு. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி, காலை 9 மணிக்கு முன்னாடியும் மாலை 6 மணிக்குப் பின்னாடியும் கூப்பிட்டுத் தொல்லை பண்ணக் கூடாது. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட பொது இடத்துலதான் தவணை வாங்கணும். தொடர்ந்து ரெண்டு தடவை அங்கே வராதவங்க வீட்டுக்குத்தான் போகலாம். மிரட்டுறது, கெட்ட வார்த்தை பேசுறது எப்பவுமே கூடாது.

அதனால இன்னைக்கு மூணு தீர்மானம். ஒண்ணு, தகவல். யார் வாசல்ல இப்படி நடந்தாலும் முதல்ல பார்த்தவங்க ஊக்குநருக்கு போன் பண்ணணும், மிரட்டல்னா 112 அல்லது 181. ரெண்டு, ரேஷன் கார்டு, ஆதார், ஏடிஎம் கார்டு எதையும் யார்கிட்டயும் அடகா கொடுக்கக் கூடாது. கார்டு யார் கையில இருக்கோ, குடும்பமும் அவங்க கையில. மூணு, தகவல் வந்ததும் குறைஞ்சது அஞ்சு பேர் போய் அந்த வீட்டுல உட்காரணும். சண்டை வேண்டாம். கூட இருந்தாப் போதும்.

அந்த விமானத்துல இருந்தவங்க முன்கூட்டியே பயிற்சி எடுத்ததாலதான் அந்த நேரத்துல கை நடுங்காம செஞ்சாங்க. நாமளும் இப்பவே பேசி வச்சுக்குவோம். சம்மதம்னா கையைத் தூக்குங்க, நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.