எல்லைச் சாவடியில் நாம் கொடுக்கும் விவரங்கள்: யார் பொறுப்பு?

(ஜொகூரில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடத்தப்பட்ட சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பலர் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். கடப்பிதழைக் காட்டுவதும் பெருவிரலைப் பதிப்பதும் உங்களுக்கு அன்றாட வேலையாகிவிட்டது. அந்த விவரங்களில் ஒரு தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது? அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். உறவினர் கார் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். உறவினர் தவணை கட்டவில்லை. இவர் திவாலாக அறிவிக்கப்பட்டார். நம் நாட்டுச் சட்டப்படி திவாலானவர் அனுமதியின்றி வெளிநாடு போக முடியாது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கட்டி, விடுவிப்புக் கடிதமும் வாங்கிவிட்டார். சிங்கப்பூரில் வேலையும் கிடைத்தது. முதல் நாளே எல்லையில் நிறுத்திவிட்டார்கள். கணினியில் அவர் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை! ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. திருத்தி முடிக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் வேலை போய்விட்டது. அந்த மூன்று வாரத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

பயணிகளின் விவரங்களைச் சேர்ப்பது புதிதல்ல. 1998-ஆம் ஆண்டிலேயே மலேசியா சில்லு பொருத்திய கடப்பிதழை வெளியிட்டது. 2011 முதல் நம் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டவரின் கைரேகையைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 2016-இல் சிங்கப்பூர் தன் நுழைவாயில்களில் வெளிநாட்டவரின் பெருவிரல் ரேகையை எடுக்கத் தொடங்கியது. அங்கே வெளிநாட்டவர் என்றால் நாம்தான். 2024 மார்ச்சில் உட்லண்ட்ஸ், துவாஸ் சாவடிகளில் காரில் செல்வோருக்குக் கியூஆர் குறியீடு வந்தது. வரிசை குறைகிறது, நல்லதுதான். நான் வசதியை எதிர்க்கவில்லை. பாதுகாப்பு எங்கே என்றுதான் கேட்கிறேன்.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. ஒரு கைப்பேசி நிறுவனம் உங்கள் விவரத்தை வைத்திருந்தால், அதைப் பார்க்கவும் தவறைத் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. 2024-இல் திருத்தம் செய்து, தண்டத்தைப் பத்து லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தினார்கள். ஆனால் அதே சட்டத்தின் மூன்றாவது பிரிவு என்ன சொல்கிறது? இச்சட்டம் கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் பொருந்தாது! சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அரசுத் துறைகளுக்கு இதே விலக்கு உண்டு. அங்கே அவற்றுக்குத் தனி விதிகள் இருக்கின்றன.

இதற்கிடையில் கூட்டரசுத் துறைகள் தங்களுக்குள் விவரங்களைப் பகிர்ந்துகொள்ள வழி செய்யும் தரவுப் பகிர்வுச் சட்டம் 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. ஒரு துறையில் உள்ள சரியான விவரம் இன்னொரு துறைக்குப் போனால் நமக்கும் நன்மை உண்டு. தவறான விவரமும் அதே வழியில் போகும் என்பதுதான் என் கவலை.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்பார்கள். அந்த லாரி ஓட்டுநர் என்ன தப்பு செய்தார்? பி.டி.பி.டி.என். கல்விக் கடனைக் கட்டாத பட்டதாரிப் பிள்ளைகளை விமான நிலையத்தில் நிறுத்தினார்களே, 2018-இல்தானே அந்தத் தடையை அகற்றினார்கள்? கடன் பாக்கி குற்றச்செயலா? சிங்கப்பூரில் கோவிட் காலத்தில் தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டும் என்று டிரேஸ்டுகெதர் செயலியைக் கொண்டுவந்தார்கள். குற்றப் புலனாய்வுக்குக் காவல்துறையும் அந்த விவரத்தைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் கேள்வி கேட்டார்கள். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டத்தில் வரம்பு கட்டினார்கள். கேட்டதால் கிடைத்த வரம்பு அது.

நீதிமன்றமும் நமக்குச் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. 2010-இல் சிவராசா ராசையா வழக்கில், அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு கூறும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. 2016-இல் மரியா சின் அப்துல்லா தென்கொரியாவுக்கு விருது வாங்கப் போனபோது விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், அந்தத் தடை செல்லாது, குடிநுழைவுத் துறைத் தலைமை இயக்குநருக்கு வரம்பில்லாத அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அவருடைய முடிவுகளை நீதிமன்றம் ஆராய்வதைக் கட்டுப்படுத்தும் 59ஏ பிரிவு செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டார்கள். தீர்ப்பு வர ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்! தினக்கூலிக்காரர் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா?

ஆகவே நம் கோரிக்கை மூன்று. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். நம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் குறித்த நாட்களுக்குள் திருத்தவும் வழி வேண்டும். எந்த விவரத்தை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பதைச் சட்டத்தில் எழுத வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கடப்பிதழ் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். பயணத் தடை உண்டா என்பதைக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் முன்கூட்டியே சோதியுங்கள். தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கடன் தீர்த்த கடிதங்களைப் பத்திரமாக வையுங்கள். எல்லையில் நிறுத்தினால் சண்டை போடாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள், நாள், நேரம், எந்தத் துறை தடை போட்டது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு ஒரு வழக்கறிஞரிடமோ சட்ட உதவி மையத்திடமோ போங்கள்.

நம் விரல் ரேகையை எடுப்பவர்கள் நம் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கேட்போம், சேர்ந்து கேட்போம்.