கொள்ளை நோயும் சேரிப் பள்ளிக்கூடமும்

(மாலைநேரப் பள்ளி நடத்தும் தோழர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே, வேலை முடிஞ்சி அலுப்போட வந்து உக்காந்திருக்கிற தாய்மார்களே,

கொரோனாதான் போயிடுச்சே, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு என்று உள்ளே வரும்போதே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அடுத்த கொள்ளை நோய் வராது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்தால் முதலில் எதை மூடுவார்கள், கடைசியில் எதைத் திறப்பார்கள் என்று நமக்கு இப்போதே தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டோம். அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

தேதிகளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் நடுவில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மே மாதமே டாஸ்மாக் கடையைத் திறந்தார்கள். நவம்பரில் சினிமாக் கொட்டகை திறந்தது. 2021 ஜனவரியில் பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு மட்டும் பள்ளிக்கூடம். ஏப்ரல் 6 ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல். ஓட்டுச் சாவடி எங்கே வைத்தார்கள்? நம்ம புள்ளைங்க படிக்கிற அதே தொடக்கப் பள்ளியில். வாசலில் நின்று காய்ச்சல் பார்த்தார்கள், கையில் ஊத்தினார்கள், ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். அப்பா அம்மா வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் கட்டடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கால் வைக்க 2021 நவம்பர் 1 ஆம் தேதி வரை காத்திருந்தது. பத்தொன்பது மாதத்துக்கு மேல். அப்புறம் 2022 ஜனவரியில் மறுபடியும் ஒரு மாதம் மூடல்.

ஓட்டுக்கு வேண்டிய பாதுகாப்பை ஒரே நாளில் செய்யத் தெரிந்த அரசு எந்திரத்துக்கு, பிள்ளைகளுக்கு அதைச் செய்ய ஏன் இத்தனை மாதம் பிடித்தது?

டென்மார்க்கில் 2020 ஏப்ரல் 15 ஆம் தேதியே பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். முதலில் சின்னப் பிள்ளைகளை வரவழைத்தார்கள், ஐந்தாம் வகுப்பு வரை. சிறு சிறு குழுவாகப் பிரித்து, முடிந்த இடத்தில் வெளியே வெட்டவெளியில் பாடம் நடத்தினார்கள். பெரிய பிள்ளைகள் அப்புறம்தான். டென்மார்க்கும் நாமும் ஒன்றல்ல, அது பணக்கார நாடு, ஒரு வகுப்பில் இருக்கும் தலை எண்ணிக்கையே வேறு. நான் சொல்ல வருவது வரிசையைப் பற்றி. அங்கே சின்னது முதலில், இங்கே சின்னது கடைசியில். இங்கே பொதுத்தேர்வு எழுதுகிறவனுக்குத்தான் பள்ளிக்கூடம் தேவை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். தானாகப் படிக்கத் தெரியாத, எழுத்தே இன்னும் பிடிபடாத ஆறு வயசுப் புள்ளைக்கு டிவி போதும், செல்போன் போதும்!

செல்போன் யாரிடம் இருந்தது? 2021 ஆகஸ்டில் ழான் திரேஸ் போன்றவர்கள் சேர்ந்து 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் சுமார் 1400 பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் விசாரித்தார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. கிராமத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்த பிள்ளைகள் நூற்றுக்கு 8. தலித், ஆதிவாசிப் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 4. கிராமத்தில் நூற்றுக்கு 37 பிள்ளைகள் படிக்கவே இல்லை. அந்த அறிக்கையில் ஜார்க்கண்ட் மாநிலம் லாத்தேகார் மாவட்டத்து ஊர் ஒன்று வருகிறது. ஊரில் பெரும்பாலும் தலித், ஆதிவாசிகள். வாத்தியார் உயர்சாதி. இதுங்க படிச்சிட்டா எங்க நிலத்துல யார் வேலை செய்யறது என்று வாத்தியார் குடும்பத்து ஆட்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இப்படி வாய்விட்டுச் சொல்வது குறைவு. செங்கல் சூளை முதலாளி சொல்லாமலேயே செய்து காட்டினார். அந்த இரண்டு வருஷத்தில் சூளையில் எத்தனை சின்னக் கை மண் மிதித்தது என்று உங்களுக்கே தெரியும்.

இப்ப பயத்தைப் பற்றிப் பேசுவோம். திறக்கவேண்டும் என்று முழங்கிய நம் ஆட்களில் சிலர் தாய்மார்களின் பயத்தைக் கேலி செய்தார்கள். அது தப்பு. அப்போது ஒரு அம்மா என்னிடம் சொன்னது: "எங்களது ஒரே ரூம்பு சார். அதுல ஆறு பேரு. புள்ள பள்ளிக்கூடத்துல இருந்து தூக்கிட்டு வந்துச்சின்னா அதுக்கு ஒண்ணும் ஆவாது, கெழவி போயிடும். எனக்கு வந்தா பதினஞ்சி நாளு கூலி போச்சி. யாரு சோறு போடுவா?" இதில் அறியாமை எங்கே இருக்கிறது? விஞ்ஞானம் சொன்னதும் அதுவேதான். சின்னப் பிள்ளைகளுக்கு நோய் பெரும்பாலும் கடுமையாக வராது, வீட்டில் இருக்கும் வயசானவர்களுக்குத்தான் ஆபத்து. வீட்டில் மூன்று அறை இருக்கிறவன் ஒரு அறையில் தனிமைப்படுத்திக்கொள்வான். சேரியில் தனிமை என்பது தெருத் திண்ணைதான்.

ஆனால் அந்த அம்மாவின் கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. அதை அவரிடம் எடுத்துச் சொல்லவேண்டியது அரசு. சொல்லவில்லை. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ரத்தம் எடுத்துச் சோதித்தது. 6 முதல் 9 வயதுக்குள் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு கிருமி ஏற்கெனவே வந்துபோன அடையாளம் இருந்தது. அவர்களுக்குத் தடுப்பூசி கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. பின் எப்படி வந்தது? பள்ளிக்கூடம் மூடியே இருந்தபோது, வீட்டில், தெருவில், தண்ணிக் குழாயடியில் வந்தது. வீடு பாதுகாப்பு, பள்ளிக்கூடம் ஆபத்து என்று கோடு போட்டார்களே, அந்தக் கோடு மாடி வீட்டுக்காரன் போட்டது. துப்புரவு வேலைக்குப் போகிற அப்பன் ஒரு நாளும் வீட்டில் உட்காரவில்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது ஊர்க் குப்பையை அள்ளியது யார்? அந்தக் குப்பையோடுதான் கிருமி சாயந்திரம் வீட்டுக்கு வந்தது. அந்தக் கழகத்தின் தலைவரே அந்த ஜூலையில், திறப்பதானால் தொடக்கப் பள்ளியை முதலில் திறப்பதே சரி என்றார். கேட்டுக்கொண்டு, பெரிய வகுப்பைத்தான் முதலில் திறந்தார்கள்.

சரி, திறந்தாயிற்று. எப்படித் திறந்தார்கள்? வகுப்பறைக்கு 20 பேர், சுழற்சி முறை, வருகை கட்டாயமில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியார் இருக்கிற பள்ளியில் 20 பேராகப் பிரித்தால் யார் பாடம் எடுப்பது? அந்தப் பள்ளிகளில் யார் படிக்கிறார்கள்? ஊர்க்காரர்கள் வேன் வைத்து இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பிய பிறகு மிச்சம் இருப்பது நம் பிள்ளைகள்தான். கட்டாயமில்லை என்ற சொல் இருக்கிறதே, அது வசதி உள்ளவனுக்குச் சலுகை, சூளையில் பிள்ளை வைத்திருக்கிறவனுக்கு அனுமதிச் சீட்டு. வராத பிள்ளையை வீடு தேடிப் போய் அழைத்துவர வேண்டிய கடமையை அந்த ஒரு சொல்லில் கழற்றிவிட்டார்கள்.

கிருமி காற்றில் பரவுகிறது என்பது 2021 நடுவில் உலகமே ஒப்புக்கொண்டுவிட்ட விஷயம். பெஞ்சைத் தொடுவதால் வருவது குறைவு, மூடிய அறையில் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுப்பதால் வருவதே அதிகம். அப்படியென்றால் முதல் வேலை என்ன? ஜன்னல். ஆனால் நாம் பார்த்தது என்ன? பிளீச்சிங் பவுடர், மருந்தடிக்கிற மிஷின், காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி, வாசலில் போட்டோ. துருப்பிடித்துத் திறக்காத ஜன்னலுக்கு எண்ணெய் போட எத்தனை பள்ளியில் ஆள் வந்தது? வேப்பமரம் இருக்கிற பள்ளியில் மரத்தடியில் பாடம் நடத்தச் செலவே கிடையாது. மரத்தடிப் பள்ளி என்றால் நமக்கு ஒரு கூச்சம் உண்டு, ஏனென்றால் கட்டடம் தராமல் ஏமாற்றியவர்கள் நம்மை உட்காரவைத்த இடம் அது. இருந்தாலும் நோய்க் காலத்தில் மரத்தடிதான் நல்ல வகுப்பறை. பெர்லின் பக்கத்தில் 1904 இலேயே நோஞ்சான் பிள்ளைகளுக்குக் காட்டுக்குள் திறந்தவெளிப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள்.

கட்டடத்தைப் பற்றி இன்னொன்று. எல்லாரும் முகக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, 2021 டிசம்பர் 17 ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுக்க இடிந்து விழும் நிலையில் இருக்கிற பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க ஆரம்பித்தார்கள். கட்டடம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் இல்லாமல் காலியாகக் கிடந்ததே, அப்போது பார்த்திருக்க வேண்டிய வேலை இல்லையா இது?

அடுத்தது நமக்கே உரிய கவலை. இதை வேறு யாரும் பேசமாட்டார்கள். "சமூக இடைவெளி" என்றொரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். நமக்கு அது புதுச் சொல்லா? தள்ளி நில், தொடாதே, உன் டம்ளரில் குடி, உன் தட்டை நீயே கொண்டு வா. ஆயிரம் வருஷமாக நாம் கேட்டது. நோய்க்காக ஆறடி தள்ளி நிற்பதில் எனக்கு மறுப்பில்லை, அது எல்லாருக்கும் பொது, கொஞ்ச நாளைக்கு. ஆனால் பிள்ளைகளைத் தெருவாரியாகப் பிரித்து ஒருநாள் ஊர், ஒருநாள் காலனி என்று சுழற்சி விட்டால் என்ன ஆகும், யோசிச்சிப் பாருங்க. நோய் போன பிறகும் அந்தத் தனித் தட்டு போகாது. கற்பனையாகச் சொல்லவில்லை. கொரோனாவுக்கு முன்னால், 2018 இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நம் சாதிப் பெண் சமைத்த சத்துணவு வேண்டாம் என்று பள்ளியை மறித்தவர்கள்தான் இவர்கள். பள்ளிகள் திறந்தபின், 2022 டிசம்பரில், ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கொண்டு கழிப்பறை கழுவவைத்த தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். சுத்தம் சுத்தம் என்று இரண்டு வருஷம் பேசினார்கள், விளக்குமாறு கடைசியில் எந்தக் கைக்கு வந்தது?

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் ஆரம்பித்தது. நல்ல திட்டம், நம் படித்த பெண்கள் பலர் அதில் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள், விட்டுப்போன எழுத்தைப் பிள்ளைகளுக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆனால் யாருடைய இல்லம்? ஊர்த் தெருவில் இருக்கிற வீட்டுத் திண்ணையில் காலனிப் பிள்ளை ஏறி உட்கார முடிந்ததா? உட்காரமுடியாத இடத்தில் பொது இடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

கொள்ளை நோயும் படிப்பும் நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1848 இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்த சாவித்திரிபாய் புலே, 1897 பிளேக்கில் ஊருக்கு வெளியே மகர் குடியிருப்பில் நோயில் கிடந்த ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு தன் மகனின் மருத்துவ முகாமுக்குப் போனார். அதே நோய் தொற்றி மார்ச் 10 ஆம் தேதி இறந்தார். அவரை வெறும் படமாக மாட்டி மாலை போடுகிறோம். நோய்க்குப் பயந்து சேரிப் பிள்ளையைத் தொடாமல் விட்ட ஊரில், தொட்டுத் தூக்கிய வாத்தியார் அவர்.

இங்கே பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்கு அரசு தடுப்பூசி கடைசிவரை வரவே இல்லை. 12 முதல் 14 வயதுக்கு 2022 மார்ச்சில்தான் ஆரம்பித்தார்கள். ஆகவே சின்னப் பிள்ளையைக் காப்பது என்றால் அதைச் சுற்றி இருக்கிற பெரியவர்களைக் காப்பதுதான். வாத்தியார், சத்துணவு சமைக்கிற அம்மா, கழிப்பறை கழுவுகிற ஆள், வீட்டுக் கிழவி. அடுத்தமுறை ஊசி வந்தால் இவர்கள் முதல் வரிசையில் இருக்கவேண்டும். தொற்று வந்த வீட்டுக்குப் பதினைந்து நாள் கூலியை அரசு கொடுக்கவேண்டும். கொடுத்தால் எந்த அம்மாவும் பிள்ளைக்கு வந்த காய்ச்சலை மறைக்கமாட்டார். மூடித்தான் ஆகவேண்டும் என்றால் மூடட்டும், ஆனால் கடைசியில் மூடி முதலில் திறக்கவேண்டியது தொடக்கப் பள்ளி. மூடியிருக்கும் நாளில் முட்டை நிற்கக் கூடாது. பொருளாகக் கொடுத்த அரிசியும் பருப்பும் வீட்டுப் பானைக்குள் போய்விட்டது, பசித்த வீட்டில் அது தப்பில்லை, ஆனால் பிள்ளையின் வயிற்றுக்கு மட்டும் என்று போனது பள்ளிக்கூடத்துத் தட்டில் விழுந்த சோறுதான்.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். இந்த வாரம் உங்கள் பள்ளிக்குப் போய் எத்தனை ஜன்னல், அதில் எத்தனை திறக்கிறது, குழாயில் தண்ணி வருதா, கழிப்பறையைக் கழுவ ஆள் போட்டிருக்கா, அந்த ஆளுக்குக் கையுறை இருக்கா, மரத்தடியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். கிராம சபையில் அந்தத் தாளைப் படித்துத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். போடமாட்டோம் என்றால் தாளோடு இங்கே வாங்க, கலெக்டர் ஆபீசுக்கு எல்லா ஊர்த் தாளையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போவோம்.