வன்மர வாணிகமும் நம் வரப்புத் தேக்கும்

(பரங்கிமலை ஊராட்சி ஒன்றிய உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



தாம்பரத்தில் ஏதேனும் ஒரு மரவாடியில் நுழைந்து தேக்கு வேண்டுமென்று கேளுங்கள். "எந்த நாட்டுத் தேக்கு?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். நம் பாட்டனார் காலத்தில் அறிந்தவை மலையாளத்துத் தேக்கும் பர்மாத் தேக்கும். இன்றோ கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் கப்பலேறி வருகின்றது. அந்நாடுகளில் தேக்கு இயற்கையாக விளைவதன்று, நட்டு வளர்த்தது. தேக்கின் தாயகங்களுள் ஒன்றாகிய இந்தியாவே உலகில் தேக்குத்தடிகளை மிகுதியாக வாங்குகின்றது. 1988-ஆம் ஆண்டின் வனக் கொள்கையும், 1996-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும் காட்டில் கோடரி விழுவதைக் கட்டுப்படுத்தின. அது நன்மையே. ஆயினும் கதவுக்கும் நிலைக்கும் மரம் வேண்டுமன்றோ?

மரம் விற்கும் நாடுகள் எல்லாம் ஒரே வகையில் விற்பதில்லை. இந்தோனேசியா உருட்டு மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதை 1985-இல் தடுத்து, ஒட்டுப்பலகை ஆலைகளைப் பெருக்கிற்று. ஆப்பிரிக்காவில் காபோன் 2010-லும், பர்மா எனப்பட்ட மியன்மார் 2014 ஏப்ரல் முதல் நாளிலும் அவ்வாறே தடை விதித்தன. தடியை அனுப்பினால், அறுக்கும் கூலியும் இழைக்கும் கூலியும் வாங்குகிறவன் ஊருக்குப் போய்விடுகின்றன என்பதே அவர்கள் கண்ட கணக்கு. தடை போட்ட மாத்திரத்தில் காடு பிழைத்துவிடும் என்று நான் கூறமாட்டேன். ஆலைக்கும் மரம் தேவைதானே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வழி வேறு. அங்கே வன்மரக் காடுகளுள் பெரும்பகுதி நம்மைப் போன்ற குடும்பங்களின் உடைமை. மர வணிகர் சங்கமொன்று 1898-லேயே கூடிப் பலகைகளைத் தரம் பிரிக்கும் விதிகளை வகுத்தது. முடிச்சும் வெடிப்பும் இல்லாத பரப்பு எவ்வளவோ அவ்வளவே தரம். கடல் கடந்து வாங்குகிறவனும் அந்தத் தரத்தைக் கேட்டே விலை பேசுகின்றான்.

நம் பக்கம் வருவோம். அகரம்தென் பக்கத்து உழவர் ஒருவர், மகள் திருமணச் செலவிற்காக வரப்பிலிருந்த தேக்குகளைக் குத்துமதிப்பாக ஒரு தரகருக்கு விற்றார். அளந்தீர்களா என்று கேட்டேன். "அவர்தான் கண்ணாலேயே அளந்துவிட்டாரே, ஐயா" என்றார். இருபது ஆண்டு வளர்த்தவர் அளக்கவில்லை. ஒருநாள் பார்த்தவர் அளந்துகொண்டார்.

கணக்கு எளிது. தடியின் நடுவில் கயிறு சுற்றி அளந்து, அதில் கால் பங்கை அதே கால் பங்கால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குக. சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடியாயின் 10 கன அடி. வணிகர் கணக்கு இதுவே. ஆனால் அத்தடியின் உண்மைப் பருமன் ஏறத்தாழ 12¾ கன அடி! பட்டைக்கும் அறுவைச் சேதத்திற்கும் என்று அந்த 2¾ கன அடி முதலிலேயே கழிந்துவிடுகின்றது. ஆகவே, இதற்குமேலும் "பட்டைக் கழிவு" என்று யாரேனும் கேட்டால் உடன்படாதீர்கள். வைரம் பாயாத இளமரத்தையும் அவசரத்தில் வெட்டாதீர்கள். வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் என்ன அனுமதி வேண்டுமென்று வனத்துறையினரை முன்னரே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் அளவு நாடா ஒன்று வாங்கி வைக்குமாறு தலைவர்களை வேண்டுகிறேன். அடுத்த கூட்டத்திற்கு வருவோர், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் தத்தம் மரங்களின் சுற்றளவை அளந்து எழுதிக் கொண்டுவாருங்கள். சேர்ந்து கணக்கிட்டுப் பார்ப்போம்.