கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில்தான் நான் முதன்முதலில் ஒரு வைத்தியரைக் கிட்டப் பார்த்தேன். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாள். நிறை பார்க்கும் தராசு அந்த மூலையில் இருந்தது. கண் பார்க்கும் அட்டை அந்தத் தூணில் தொங்கியது. காலணி போட்டு வந்தவர்களும் போடாமல் வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றோம். ஊசி போடப் போகிறார்கள் என்ற வதந்தியில் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அழுதோம். அந்த அழுகைக்காரி ஒருத்திதான் இப்போது வைத்தியராக உங்கள் முன் நிற்கிறேன்.

எங்கள் ஊரின் சுகாதாரம் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். அது பெரிய தலைப்பு. அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவு வரை எல்லோராலும் வந்து சேர முடிகிறதா?

முதலில், கடந்து வந்த பாதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு நிற்கவில்லை. மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, இரசாயனம் ஆகிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் படித்த இளைஞர் உத்தியோகம் தேடி வெளியே போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர் தம் கிராமத்திலேயே நின்று வைத்தியம் செய்வார் என்பது அவர் எண்ணம். வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போகிறார்கள் என்று இன்று நாம் கவலைப்படுகிறோம். அந்தக் கவலைக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்!

ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே இறந்த பெண்களுக்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. அதற்கு நிதி திரட்டியவர்களும் அங்கே முதலில் வைத்தியம் செய்தவரும் பெண்கள்தான். 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. நோயாளி வரும்வரை காத்திராமல், நோய் வருமுன் வீட்டுக்குப் போவது என்ற முறை அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. சைக்கிளில் வந்து படலையில் மணியடித்த மருத்துவிச்சி அம்மாவை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அவரைக் குடும்பநல உத்தியோகத்தர் என்கிறோம். 1940களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிள்ளைப்பேறுகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை முப்பதை அண்டி நிற்கிறது. பெரிய இயந்திரங்கள் வருவதற்கு முன்பே, வீடு தேடிப் போன அந்தப் பெண்களால்தான் இதிற் பெரும்பங்கு நடந்தது.

பிறகு யுத்தம் வந்தது. என் வயதுக்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மருந்தும் தடைப்பட்ட காலத்தில்தான் நாங்கள் படித்தோம். கொழும்புக்குப் போக வேண்டிய நோயாளி கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகிற் கடந்தார். 1995 ஒக்டோபரில் எங்கள் ஊரும் வலிகாமமும் வெறுமையாகின. தென்மராட்சியில் ஒரு மரத்தடியில், சேலை மறைப்புக்குள், யாரோ ஓர் அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததை நான் பார்த்தேன். பிள்ளையை எடுத்தவர் இளைப்பாறிய மருத்துவிச்சி ஒருவர். கத்தியைச் சுடுநீரில் போடும்படி என்னிடம்தான் தந்தார். நான் மருத்துவம் படிக்க நினைத்த நாள் எதுவென்று யாராவது கேட்டால், அந்த நாளைத்தான் சொல்வேன். ஊர் திரும்பி, பரீட்சை எழுதி, 1978இல் தொடங்கி எத்தனையோ இடப்பெயர்வுகளுக்கு ஊடாகவும் நிலைத்து நின்ற யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சேர்ந்தேன்.

இப்போது என் பிழை ஒன்றைச் சொல்லப்போகிறேன். நூற்றாண்டு விழாவில் சாதனைகளைச் சொல்வதுதான் வழக்கம். ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர். 1990இல் இடம்பெயர்ந்து, நலன்புரி நிலையத்தில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்து, காணி விடுபட்டதும் திரும்பி வந்தவர். மாதவிடாய் நின்று வருடங்கள் கழித்து இரத்தப்போக்கு. அது தொடங்கி எட்டு மாதம் என்றார். அன்று எனக்கு முன்னால் நூறு பேர்வரை காத்திருந்தார்கள். நான் எரிந்து விழுந்தேன். "எட்டு மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பக்கத்திலேதானே கிளினிக் நடக்குது?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. மெல்லச் சொன்னார்: "கிளினிக் காலமைதானே பிள்ளை. வெங்காயம் நடுற காலம். ஒருநாள் நிண்டால் அடுத்தநாள் கூப்பிடமாட்டினம். ஒருக்கா வந்தனான்; நம்பர் முடிஞ்சுதெண்டு சொல்லிப்போட்டினம். பிறகு ஓட்டோவுக்குக் காசில்லை. இதைச் சொல்லி யாரைத்தான் கூட்டிக்கொண்டு வாறது?"

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். கண்டுபிடித்தபோது சத்திரசிகிச்சைக்குரிய கட்டத்தைத் தாண்டியிருந்தது. பதினொரு மாதத்தில் அவர் காலமானார்.

அவர் சொன்ன ஆறு வசனங்களில் ஐந்து தடைகள் இருக்கின்றன: நாட்கூலி, கிளினிக் நேரம், நம்பர், வாகனச் செலவு, துணையும் கூச்சமும். இவற்றில் ஒன்றுக்கும் நான் எழுதும் மருந்துத் துண்டில் மருந்து இல்லை. அவருக்கும் எனக்கும் சட்டப்படி ஒரே உரிமைதான். ஆனால் எனக்குத் தலையிடி வந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் விசேட வைத்திய நிபுணரைக் காண்கிறேன். அவர் எட்டு மாதம் காத்திருந்தார். நான் ஏசியது அவரையல்ல, அவருடைய வறுமையை என்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒருநாளில் வருவதில்லை. புற்றுநோயாக மாறுமுன் பல வருடங்கள் அது மாற்றங்களாக மட்டும் இருக்கும். அந்தக் காலத்தில் கண்டால் முற்றாகக் குணமாக்கலாம். அதற்காகவே 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின்கீழ் பெண்களுக்கான நல்வாழ்வு கிளினிக் நடக்கிறது. இப்போது அதைச் சுவநாரி என்கிறார்கள். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். மார்பகம், இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்க்கிறார்கள். ஒரு சதமும் இல்லை. 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையிலேயே போடப்படுகிறது. ஊசிக்குச் சம்மதம் தரத் தயங்கும் அம்மாமார் இங்கே இருந்தால், விழா முடிந்ததும் என்னோடு கதையுங்கள். அந்த அம்மாவின் கதையை முழுதாகச் சொல்கிறேன்.

வேறு நன்மைகளும் வந்திருக்கின்றன. முன்பு புற்றுநோயென்றால் மகரகமதான். பாதை பூட்டிய காலத்தில் அதுவும் இல்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, தெற்கிலிருந்து வடக்குக்கு, மக்கள் நடந்து சேர்த்த நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2018 யூலையில் 1990 இலவச ஆம்புலன்ஸ் சேவை எங்கள் மாகாணத்துக்கும் வந்தது. நெஞ்சுவலி வந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் வாகனத்தைத் தேடி ஓடாமல் 1990ஐ அழுத்துங்கள். அச்சுவேலியில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. ஆகவே, ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருப்பது யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

சந்திக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும், 2015இல் விடுபட்ட வளலாய்க் காணியில் பற்றை வெட்டிக் கொட்டில் போட்டவருக்கும் தூரம் ஒன்றல்ல. கனடாவிலிருந்து மகள் பணம் அனுப்பும் தாய்க்கும், அனுப்ப ஒருவரும் இல்லாத தாய்க்கும் தூரம் ஒன்றல்ல. 2022இல் மருந்துகள் தட்டுப்பட்டு "வெளியில் வாங்குங்கோ" என்று துண்டு எழுதிக் கொடுத்தபோது, அந்தத் துண்டோடு பார்மசிக்குப் போனவர்களையும் வீட்டுக்குப் போனவர்களையும் எனக்குத் தெரியும்.

இன்னொரு தூரமும் இருக்கிறது. அதைச் சொன்னால் முகம் சுளிப்போம். "நீங்கள் எந்தப் பக்கம்? ஆற்றை பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அதன்படி குரலை மாற்றும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் சாகவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்ற சம ஆசனத்துக்காக 1930ஐ அண்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் பெரும் சண்டை நடந்தது. அன்று வென்றது நீதி. அந்த வாங்கு இன்று வைத்தியசாலையிலும் வேண்டும். மரியாதை கிடைக்காத இடத்துக்கு நோயாளி இரண்டாம் முறை வரமாட்டார்.

சரி, சங்கம் என்ன செய்யலாம்? வெளிநாட்டுக் கிளைகளிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள், "டொக்டர், என்ன மெசின் வாங்கித் தரலாம்?" என்று. உங்கள் மனம் பெரியது. ஆனால் இயக்க ஆளில்லாமல், திருத்த உதிரிப்பாகம் இல்லாமல், துணி மூடி நிற்கும் இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்குமுன் அங்கே வேலை செய்யும் தாதியிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் ஒருமுறை கேளுங்கள். ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்கு மூவாயிரம் பேரளவில் என்பது கணக்கு. வெற்றிடம் இருந்தால் பக்கத்துப் பிரிவையும் அவரே பார்க்கிறார். எந்த வீட்டில் யார் வராமல் நிற்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

என் கோரிக்கைகள் நான்கு. நான்கும் சிறியவை.

ஒன்று. எங்கள் சங்கம் ஏற்கெனவே வகுப்பு வகுப்பாகத்தான் இயங்குகிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு 35 வயதை அடைகிறது, இன்னொன்று 45ஐ அடைகிறது. அந்த வகுப்பினர் ஒருநாள் குறித்து ஒன்றாகச் சுவநாரி கிளினிக்குக்குப் போகட்டும். தனியே போகக் கூச்சம். பத்துப்பேராகப் போனால் அது சுற்றுலா! ஆளுக்கு ஒருவராக, தங்கள் ஒழுங்கையில் இந்தப் பாடசாலைக்கு வர வாய்ப்பில்லாத ஒரு பெண்ணையும் கூட்டிச் செல்லட்டும். இடையில் படிப்பை விட்ட வகுப்புத் தோழியையும் மறக்கவேண்டாம்.

இரண்டு. ஒரு சிறு போக்குவரத்து நிதி. குடும்பநல உத்தியோகத்தர் சொல்லும் பெண்ணுக்கு ஓட்டோச் செலவும், இழக்கும் ஒருநாட் கூலியும். கொடுக்கும்போது படம் எடுக்கவேண்டாம். மலரில் போடவும் வேண்டாம்.

மூன்று. கூலிவேலை செய்பவர்கள் வரக்கூடிய நேரத்தில், மாதத்தில் ஒருநாளாவது பின்னேரக் கிளினிக் நடத்தும்படி சுகாதாரப் பகுதியினருக்குச் சங்கத்தின் பெயரால் எழுத்தில் கேட்போம். ஆளணி போதாது என்றால், கேட்பதோடு நில்லாமல் நானும் வந்து நிற்கிறேன். இதை இந்த மேடையில் சொல்வதற்குக் காரணம், பிறகு நான் சாட்டுச் சொல்லக்கூடாது என்பதுதான்.

நான்கு, புலம்பெயர்ந்த என் சகோதரிகளுக்கு. அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கும்போது "சுகமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். சுகம் என்றுதான் சொல்வா. "குளிசையின் பெயரைப் பார்த்து வாசியுங்கோ அம்மா, எத்தனை மிச்சம் இருக்கு?" என்று கேளுங்கள். பெயரும் அளவும் நேரமும் தமிழில் எழுதிய ஒரு தாளைக் கட்டிலருகே ஒட்டச் சொல்லுங்கள். பிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "பக்கத்து வீட்டு மாமி எப்பிடி இருக்கிறா? அவவுக்கு ஆர் மருந்து எடுத்துக் குடுக்கினம்?" உங்கள் அம்மாவைக் கூட்டிப் போகும் ஓட்டோவில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

அன்பானவர்களே, அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு உரிமையும் இல்லை. கடைசி நாட்களில் அவரைப் பார்க்கப் போனபோது மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன பிள்ளை செய்வாய், உனக்கும் அண்டைக்குச் சனம் கூட" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதன்பிறகு பிந்தி வரும் ஒருவரிடமும் "ஏன் இவ்வளவு நாள்?" என்று நான் ஏசுவதில்லை. "வர என்ன தடையாய் இருந்தது?" என்றுதான் கேட்கிறேன். பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன். அந்தக் கொப்பியை இன்று சங்கச் செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். அதில் ஒருவர் பெயரும் இல்லை, காரணங்கள் மட்டும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதை வாசியுங்கள்.

அன்று இந்த மண்டபத்தில் எங்களை ஒரே வரிசையில் நிறுத்தி நிறை பார்த்தார்கள். யாருடைய பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்லூரித் தாய் எனக்குக் கற்றுத்தந்த முதல் மருத்துவப் பாடம் அதுதான்.