கிடர்பூர்க் கழிவுநீரும் முதியாலி மீனவர் கூட்டுறவும்



கிடர்பூர் அருகே ஆதிகங்கை ஹூக்ளியில் கலக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் டோலி தூர்வாரியதால் டோலி நாலா என்றும் அழைக்கப்படும் அந்த நீரோட்டம் இன்று பெரும்பாலும் நகரத்தின் சாக்கடையையே சுமந்து வருகிறது. அதன் கருநிறமும் நாற்றமும் எவருக்கும் தெரியும். அதில் கரைந்துள்ள அமோனியாவோ கண்ணுக்குத் தெரிவதில்லை. மனிதக் கழிவிலுள்ள நைட்ரஜனே அமோனியாவாக மாறுகிறது. அது மிகுந்தால் மீன் சாகும், பாசி பெருகும், நீரில் ஆக்சிஜன் குன்றும்.

இதை அகற்றும் ஆற்றல் பாக்டீரியாக்களுக்கு உண்டு. ஆக்சிஜன் உள்ள நீரில் ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொருவகை அதனை நைட்ரேட்டாக்கும். 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி இதனை மெய்ப்பித்தார். ஆனால் நைட்ரேட் நீரிலேயே தங்கிவிடும். ஆக்சிஜனற்ற அடிச்சேற்றில் வாழும் வேறு பாக்டீரியாக்கள்தாம் அதனை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகின்றன. காற்றுள்ள இடமும் வேண்டும், காற்றில்லா இடமும் வேண்டும். நவீனச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதலாவதை மின்சாரம் செலவிட்டு உருவாக்குகின்றன.

கிடர்பூருக்குத் தென்மேற்கே கார்டன் ரீச் பகுதியில் துறைமுக நிலத்திலுள்ள குளங்களில் முதியாலி மீனவர் கூட்டுறவுச் சங்கம் இதே வேலையை வேறு வழியில் செய்து காட்டியது. ஆலைகளும் வீடுகளும் வெளியேற்றும் கழிவுநீருக்குச் சுண்ணாம்பு இட்டு, ஆகாயத்தாமரை நிறைந்த நீர்ப்பரப்பின் வழியே விட்டு, குளத்திலிருந்து குளத்திற்குக் கடத்தினர். ஆழமற்ற குளத்தில் வெயில் பட்டால் பாசி ஆக்சிஜன் தரும்; அடிச்சேறு ஆக்சிஜனற்றுக் கிடக்கும். பாசியும் அமோனியாவை உண்ணும், பாசியை மீன் உண்ணும். எஞ்சிய நீரே மணிகாலி கால்வாய் வழியே ஹூக்ளியை அடைந்தது. ஒன்றை மறைக்கலாகாது: ஆலைக்கழிவிலுள்ள உலோகங்களைப் பாக்டீரியா அழிப்பதில்லை. அவற்றை ஆலை வாயிலிலேயே தடுப்பது முதலாளிகளின் கடமை. மீனவரின் தலையில் அதனைச் சுமத்த இயலாது.

இலண்டன் மக்களின் கழிவை வயலுக்குத் திருப்பாமல் பெருஞ்செலவில் தேம்ஸைக் கெடுக்கவே முதலாளித்துவம் பயன்படுத்துகிறது என்று மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் சாடினார். கொல்கத்தாவின் கிழக்கே கழிவுநீர் மீன்பண்ணைகளை நடத்திவரும் உழைப்பாளிகள் அதற்கு மாறான பாதையை நடைமுறையில் காட்டினர். துருவஜோதி கோஷ் அதனை உலகறியச் செய்தார். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அச்சதுப்புநிலத்தை நிரப்பத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

முதியாலியின் நிலைமை வேறு. மீனவருக்கு அங்கே உழைப்பு சொந்தம், நிலம் துறைமுகத்தினது. நகரத்தின் நடுவே நிலத்தின் விலையைக் கணக்கிடுவோர் குளத்தின் வேலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குளங்களில் மண்ணைக் கொட்டினால் அந்த அமோனியா நேரே ஆற்றுக்குச் செல்லும். இல்லையேல் அதனை அகற்ற இயந்திரமும் மின்சாரமும் விலைக்கு வாங்க வேண்டும். அந்தச் செலவு கிடர்பூர்க் குடிசைவாசியின் வரியிலிருந்தும் எடுக்கப்படும். எனவே மீனவருக்கு நீண்டகாலக் குத்தகை உரிமை கோருவதும் ஆற்றைக் காக்கும் போராட்டத்தின் பகுதியே.