டார்ச் லைட்டின் வெளிச்சம் தூரம் போக

விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் வீடுகளில் டார்ச் லைட்டின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. நான் சிறுவனாயிருந்தபோது, கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டில் இரண்டு பேட்டரி டார்ச் ஒன்று இருந்தது. அதன் வெளிச்சம் ஆற்றுப் பாலம்வரை எட்டவேண்டும் என்று என் அண்ணனுக்கு ஆசை. தகரத்தைச் சுருட்டிக் குழாயை நீட்டி, மூன்றாவது பேட்டரியைச் செருகினார். அன்றிரவு வெளிச்சம் பளீரென்று பாய்ந்தது. லயமே கூடி வேடிக்கை பார்த்தது. மறுநாள் விடியற்காலை, பால் வெட்டப் போன அப்பாவின் கையில் பாதி வழியிலேயே பல்பு கருகிவிட்டது. பாம்பு கிடக்கும் ஒற்றையடிப் பாதை. பின்னால் யாராவது விளக்கோடு வரட்டும் என்று அப்பா நின்ற இடத்திலேயே நின்றாராம்.

அண்ணன் செய்த பிழை என்ன? இரண்டு பேட்டரி டார்ச்சுக்குரிய பல்பு 2.38 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. மூன்று புதுப் பேட்டரி சேர்ந்தால் நாலரை வோல்ட். பத்து விழுக்காடு வோல்ட் கூடினாலே பல்பின் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வெளிச்சம் 40 விழுக்காடு கூடுமே என்பீர்கள். கூடும்தான். ஆனால் ஒளி போகப் போக விரிகிறது. இரு மடங்கு தூரத்தில் நான்கு மடங்கு பரப்பில் பரவி நீர்த்துப்போகிறது. ஆகவே தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். 40 விழுக்காடு கூடினால், 100 மீட்டர் எட்டிய ஒளி 118 மீட்டர்தான் எட்டும். இதற்காகவா பல்பைப் பலி கொடுப்பது?

தூரத்துக்கு வழி, இருக்கும் ஒளியைச் சிதறாமல் ஒரே திசையில் அனுப்புவது. கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி மேல் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய விளக்குகளுக்கு வழிகாட்டியவர் பிரான்ஸ் நாட்டு பிரெனெல். எண்ணெய் விளக்கின் ஒளியை வளையம் வளையமான கண்ணாடிகளால் ஒன்றுதிரட்டி, 1823இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்திலிருந்து நெடுந்தூரம் பாய்ச்சிக் காட்டினார்.

டார்ச்சில் அந்த வேலையைச் செய்வது பல்பைச் சுற்றியுள்ள வெள்ளிக் கிண்ணம். பல்பின் இழை கிண்ணத்தின் சரியான புள்ளியில் இருந்தால்தான் ஒளி நேராகப் போகும். ஓர் அரிசி அளவு விலகினாலும் நடுவில் கரும்புள்ளி விழும். தலையைத் திருகும் டார்ச்சாக இருந்தால் திருகிச் சரிசெய்யுங்கள். கைக்கெட்டும் சுவரில் அடித்துப் பார்ப்பது பயனில்லை. இருபது முப்பது மீட்டர் தள்ளி அடித்துப் பாருங்கள். கிண்ணத்தைத் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிப்போகும். தூசியை ஊதிவிட்டாலே போதும். முன் கண்ணாடியை மட்டும் மென்மையான துணியால் துடைக்கலாம். பேட்டரியின் இரு முனைகளையும், சுருள் கம்பியையும், பல்பின் அடியையும் பென்சில் ரப்பரால் தேயுங்கள். பழைய பேட்டரியும் புதியதும் கலக்கவேண்டாம்.

இப்போது பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் இரவுச் சந்தையிலும் எல்.இ.டி. டார்ச்சுகள்தான். சின்னச் சின்ன விளக்குகள் இருபது பதிந்ததைக் கண்டு மயங்காதீர்கள். அது பக்கத்தில் பரவுமே தவிர தூரம் போகாது. ஒரே ஒரு விளக்கும் பெரிய கிண்ணமும் உள்ளதைத் தேடுங்கள். அதே விளக்குக்குக் கிண்ணத்தின் விட்டம் இரு மடங்கானால் தூரமும் இரு மடங்காகும். பழைய டார்ச்சில் எல்.இ.டி. பல்பை மாட்டினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அதன் ஒளி முன்னோக்கியே போவதால் கிண்ணத்துக்கு வேலையே இல்லை.

பெட்டியில் 200 மீட்டர் என்று அச்சிட்டிருந்தால், அந்தத் தூரத்தில் விழுவது முழுநிலா வெளிச்சம் அளவே. பாதித் தூரத்தில் அதைப்போல நான்கு மடங்கு கிடைக்கும்.

இன்னொன்று. தூரம் பாயும் ஒளி காலடியில் விழாது. செம்பனைத் தோட்டத்தில் எலியைத் தேடி வரும் நாகம் பாலத்தருகிலா படுத்திருக்கும்? நடக்கும்போது பரந்த ஒளியைக் காலடியில் பாய்ச்சுங்கள். தூரத்து ஒளி, யார் வருகிறார் என்று பார்க்க.

இன்றிரவு பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போய், ஒருவர் கையில் வெள்ளைத் துணியைக் கொடுத்துப் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். துணி மறையும் இடம்வரை அடிகளை எண்ணிச் சுவரில் எழுதி வையுங்கள். முனைகளைத் தேய்த்த பிறகு இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்.