தூண்டிற்கோலும் கைப்பிடியும்



மூங்கிற்கோலால் ஏரியில் மீன் பிடிப்பது நமக்குப் பழகிய கலை. இன்று ரீல் பொருத்திய கோலும் நம் கைக்கு வந்துள்ளது. 1905-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இல்லிங்வொர்த் என்னும் ஆலை முதலாளி காப்புரிமை பெற்ற ரீலே இதன் முன்னோடி. ஆனால் இதை வாங்கியோர் பலர். பிடிக்கக் கற்றோர் சிலர். அரை நாளில் மணிக்கட்டு வலிக்கிறது. பெரிய மீன் சிக்கும் வேளையில் கை சோர்ந்துவிடுகிறது.

இவ்வகை ரீல் கோலுக்கு அடியில் தொங்குதல் வேண்டும். மேற்புறம் திருப்பினால் அது சாய முயலும். கை ஓயாமல் அதைத் தடுக்க நேரும். ரீலின் காம்பை நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே கொள்ளுங்கள். அப்போது சுட்டுவிரல் நரம்பை எளிதில் எட்டும். கட்டைவிரல் கோலின் மேல் படிந்திருக்கட்டும். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல், நழுவாமலும் நசுக்காமலும் பிடியுங்கள்.

வலக்கைப் பழக்கமுடையோர் கோலை வலக்கையில் வைத்து, இடக்கையால் ரீலைச் சுற்றுவது நலம். வீசிய பின் கை மாற்ற வேண்டுவதில்லை. பெரும்பாலான ரீல்களில் சுற்றும் பிடியைக் கழற்றி மறுபுறம் மாட்டலாம்.

முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். மீன் வலிந்து இழுத்தால் கோலின் அடியை இடுப்பில் ஊன்றுங்கள். காத்திருக்கும் நேரத்தில் கவைக்கோலில் சாத்தி, விரல்களை நீட்டி மடக்குங்கள்.

இன்று மீன் தப்பினால் நாளை வரும். ஆனால் நாளை மண்வெட்டி பிடிக்க வேண்டியதும் இந்தக் கையே அன்றோ! அதை வருத்தாமல் தொழில் பழகுவோமாக.